படிகளுக்கு வெளியே நிற்பவர்கள்: கலை அரங்குகளும் மாற்றுத்திறனாளிகளின் பண்பாட்டு உரிமையும்

1924 ஆம் ஆண்டு சென்னை மாகாண சட்ட மேலவையில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானத்தை முன்மொழிந்தார். பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், அரசு அலுவலகம், மக்கள் கூடும் பொது இடம் ஆகியவற்றை எந்தச் சாதியினரும் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்பதே அதன் சாரம். தீர்மானம் நிறைவேறியது, அரசாணையும் வந்தது. அதற்கு ஓராண்டு முன்பே பம்பாய் மாகாண மேலவையில் எஸ்.கே. போலே கொண்டுவந்த இதே போன்ற தீர்மானமும் நிறைவேறியிருந்தது. அதையொட்டி மகாத் நகராட்சி தனது சவுதார் குளத்தைத் தீண்டத்தகாதோர் எனப்பட்ட மக்களுக்குத் திறந்துவிட்டதாக அறிவித்தது. ஆனால் 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களோடு நடந்து சென்று நீரை அள்ளிப் பருகும் வரை அந்த அறிவிப்பு தாளிலேயே கிடந்தது. பருகிய பிறகும் தாக்குதல் நடந்தது, வழக்கு நடந்தது. குளத்தின் மீதான உரிமையைப் பம்பாய் உயர்நீதிமன்றம் உறுதி செய்ய 1937 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

உரிமை அறிவிக்கப்படுவதற்கும் அது உண்மையில் துய்க்கப்படுவதற்கும் இடையே உள்ள தொலைவைத் தலித் இயக்கத்தைப் போல் அறிந்தவர்கள் இந்நாட்டில் எவருமில்லை. இன்று அதே தொலைவின் மறுமுனையில் நிற்கும் இன்னொரு மக்கள் திரளைப் பற்றியது இக்கட்டுரை. நாடக அரங்கு, திரையரங்கு, அருங்காட்சியகம், நூலகம், நினைவு மண்டபம் ஆகிய பண்பாட்டு வெளிகளுக்குள் நுழைய மாற்றுத்திறனாளிகளுக்குச் சட்டம் முழு உரிமை வழங்கியிருக்கிறது. ஆனால் வாசலில் ஆறு படிகள் இருக்கின்றன.

ஒரு கூட்டத்தின் நினைவு

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாவட்டத் தலைநகரில் நடந்த அம்பேத்கர் நினைவு நாள் கருத்தரங்கிற்குச் சென்றிருந்தேன். அரங்கு முதல் தளத்தில் இருந்தது, மின்தூக்கி இல்லை. இளம்பிள்ளைவாதத்தால் கால்கள் பாதிக்கப்பட்ட தோழர் ஒருவர் மூன்று சக்கர வண்டியில் வந்திருந்தார். நான்கு இளைஞர்கள் மிகுந்த அன்போடு அவரை நாற்காலியோடு தூக்கி மேலே கொண்டு சென்றனர். பார்த்தவர்கள் கைதட்டினர். மாலை வரை அவர் தண்ணீர் குடிக்கவே இல்லை. கழிவறை கீழ்த்தளத்தில் இருந்தது என்பதும், மீண்டும் நான்கு பேரை அழைக்க அவர் விரும்பவில்லை என்பதும் பின்னர்தான் எங்களுக்குப் புரிந்தது. விடைபெறும்போது, "எனக்கு உதவி செய்தீர்கள், நன்றி. அடுத்த முறை உதவி தேவைப்படாத இடத்தில் கூட்டத்தை வையுங்கள்" என்றார்.

அன்று அங்கு பேசப்பட்டது முழுவதும் சுயமரியாதை பற்றியது. அந்த மண்டபத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் நாங்கள். அவரை விலக்க வேண்டும் என்று எங்களில் ஒருவரும் எண்ணவில்லை. அவரைப் பற்றி எண்ணவே இல்லை என்பதுதான் உண்மை. கட்டடங்களின் வழியே நிகழும் விலக்கம் பெரும்பாலும் இவ்வாறே நிகழ்கிறது.

இது ஏன் தலித் அரசியலின் கேள்வி?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் ஏறத்தாழ 2.68 கோடிப் பேர்; மொத்த மக்கள்தொகையில் 2.21 விழுக்காடு. பட்டியல் சாதியினரிடையே மட்டும் கணக்கிட்டால் இது 2.45 விழுக்காடாக உயர்கிறது. தமிழ்நாட்டில் கணக்கெடுக்கப்பட்ட மாற்றுத்திறனாளிகள் சுமார் 11.8 இலட்சம் பேர். 1995 ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை மட்டுமே ஏற்றிருந்தது. 2016 ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைகளை ஏற்கிறது. ஆகவே இன்றைய உண்மையான எண்ணிக்கை இதைவிட அதிகமாகவே இருக்கும்.

ஊட்டச்சத்துக் குறைவு, மகப்பேற்றுக் கால மருத்துவம் எட்டாமை, பாதுகாப்பற்ற உடலுழைப்பு, பணியிட விபத்து ஆகியவை உடற்குறைபாட்டிற்கான காரணங்களுள் முதன்மையானவை. இவை சாதிவாரியாகச் சமமாகப் பங்கிடப்பட்டவை அல்ல. கல் உடைப்பவரின் கண்ணும், கட்டடத் தொழிலாளியின் முதுகுத்தண்டும், சாக்கடைக்குள் இறக்கப்படுபவரின் நுரையீரலும் எந்தத் தெருக்களிலிருந்து வருகின்றன என்பதை நாம் அறிவோம்.

உச்சநீதிமன்றமும் இந்த ஊடுபாவைத் தொட்டிருக்கிறது. 2021 ஏப்ரலில் வழங்கப்பட்ட பட்டான் ஜமால் வலி வழக்கின் தீர்ப்பு, பார்வையற்ற பட்டியல் சாதிப் பெண் ஒருவர் மீதான பாலியல் வன்கொடுமை தொடர்பானது. சாதி, பாலினம், உடற்குறைபாடு ஆகியவை தனித்தனிக் கோடுகளாக ஒருவர் மீது விழுவதில்லை, ஒன்றோடொன்று பின்னிப் புதியதொரு ஒடுக்குமுறையை உருவாக்குகின்றன என்று அத்தீர்ப்பு விரிவாக விளக்கியது. குற்றவாளிக்கு வழங்கப்பட்ட ஆயுள் தண்டனை உறுதியானது. ஆயினும் சாதியின் அடிப்படையில்தான் குற்றம் இழைக்கப்பட்டது என்பதற்குத் தனியே சான்று இல்லை என்று கூறி, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழான தண்டனை நீக்கப்பட்டது. பின்னலை ஏற்றுக்கொண்ட நீதிமன்றத்துக்கே, பழைய சட்டத்தின் சொற்களுக்குள் நின்று அதற்கு நீதி வழங்க இயலவில்லை.

இங்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. சாதியும் உடற்குறைபாடும் ஒன்றல்ல. தீண்டாமை திட்டமிட்டுக் கட்டப்பட்ட, மத நூல்களின் ஒப்புதல் பெற்ற, பிறப்பின் வழி தொடரும் ஒழுங்கு. படிக்கட்டு பெரும்பாலும் சிந்தனையின்மையின் விளைவு. மகிழுந்தில் வந்திறங்கும் உயர்சாதி மாற்றுத்திறனாளிக்கு அரங்கின் ஆறு படிகள் மட்டுமே தடை. ஊருக்கு வெளியே தள்ளப்பட்ட சேரியில் வாழும் மாற்றுத்திறனாளிக்குத் தார் போடாத தெருவும், தொலைவில் நிற்கும் பேருந்தும், ஏற முடியாத அதன் படியும் கடந்த பிறகுதான் அந்த ஆறு படிகள் வரும். கர்மவினைக் கோட்பாடோ இருவருக்கும் ஒரே விடையை வைத்திருக்கிறது: முற்பிறவிப் பாவம். அந்த விடையை மறுத்தே நம் அரசியல் தொடங்கியது. எனவே இக்கேள்வியை வேறொருவருடைய கோரிக்கையாக நாம் தள்ளிவைக்க முடியாது.

தடை எங்கே இருக்கிறது?

மாற்றுத்திறனாளிகள் இயக்கம் உலகிற்கு அளித்த முதன்மையான சிந்தனை, சமூக மாதிரி எனப்படுவது. குறைபாடு உடலில் இருக்கலாம். ஆனால் ஒருவரை முடக்குவது சமூகம் எழுப்பிய தடையே என்பது அதன் மையம். சக்கர நாற்காலியில் இருப்பவரின் கால்கள் அவரை அரங்கிற்கு வெளியே நிறுத்துவதில்லை. சாய்தளம் கட்டாத முடிவே நிறுத்துகிறது. பண்பாட்டு வெளிகளில் இத்தடைகளை ஐந்தாகப் பகுத்துக் காணலாம்.

முதலாவது, அடையும் தடை. பேருந்து நிறுத்தத்திலிருந்து அரங்கு வரை நடைபாதை தொடர்ச்சியாக இருக்கிறதா? நுழைவுச்சீட்டு வாங்கும் இணையதளத்தைத் திரைவாசிப்பான் மென்பொருளால் படிக்க முடிகிறதா? படத்தில் கோணலாகத் தெரியும் எழுத்துகளைத் தட்டச்சு செய்யச் சொல்லும் சோதனை ஒன்றே போதும், பார்வையற்றவரை வெளியே நிறுத்த. இணையவழிச் சேவைகளை அணுகுவதும் அரசமைப்பின் 21 ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்சநீதிமன்றம் 2025 ஏப்ரலில் பிரக்யா பிரசூன் வழக்கில் தீர்ப்பளித்துள்ளது.

இரண்டாவது, நுழையும் தடை. படி, குறுகிய கதவு, மின்தூக்கி இல்லாமை, பயன்படுத்தவியலாத கழிவறை. சாய்தளம் என்ற பெயரில் பல இடங்களில் காணப்படுவது சரக்கு ஏற்றுவதற்கான சரிவு. விதி கூறும் சரிவு விகிதம் 1:12. ஒரு படியின் உயரம் 15 செ.மீ. எனில் ஆறு படிகளின் உயரம் 90 செ.மீ.; அதற்குத் தேவையான சாய்தளத்தின் நீளம் ஏறத்தாழ 11 மீட்டர். இருபுறமும் கைப்பிடி, இடையே சமதளம் ஆகியவையும் வேண்டும். மூன்று மீட்டரில் முடிக்கப்பட்ட செங்குத்துச் சரிவில் ஒருவர் தானாக ஏற முடியாது, இறங்கும்போது கவிழ்ந்துவிடுவார். அது ஆய்வாளரின் படிவத்தை நிரப்புவதற்காகக் கட்டப்பட்டது.

மூன்றாவது, துய்க்கும் தடை. உள்ளே வந்த பின் கலை அவரைச் சென்றடைகிறதா? காது கேளாதவருக்குச் சைகைமொழி பெயர்ப்போ திரையில் எழுத்து வரிகளோ வேண்டும். செவிக்கருவி அணிந்தவருக்கு, அரங்கின் இரைச்சலைத் தவிர்த்து ஒலியை நேரடியாகக் கருவிக்கு அனுப்பும் இண்டக்‌ஷன் லூப் என்னும் கம்பிச்சுருள் அமைப்பு பயன்படும். பார்வையற்றவருக்கு, உரையாடல்களுக்கு இடையே காட்சியைச் சொல்லிச் செல்லும் ஒலி விவரிப்பு தேவை. ஆட்டிசம் உள்ளவர்களுக்காகப் பல நாடுகளின் அரங்குகள் தளர்வு நிகழ்ச்சிகள் நடத்துகின்றன: விளக்குகள் முழுவதும் அணைக்கப்படுவதில்லை, திடீர் பேரொலி குறைக்கப்படுகிறது, பார்வையாளர் எழுந்து நடமாடலாம், ஒலி எழுப்பலாம், யாரும் முறைப்பதில்லை.

நான்காவது, மனப்பாங்கின் தடை. "உங்களோடு யார் வந்திருக்கிறார்கள்?" என்று காவலாளி கேட்கும் கேள்வி, இருக்கை வரிசையின் முதல் ஓரத்திலோ கடைசி மூலையிலோ குடும்பத்தினரிடமிருந்து பிரித்து அமர வைப்பது, உடன் வந்தவரிடம் மட்டும் பேசுவது. 2023 மார்ச்சில் சென்னைத் திரையரங்கு ஒன்றில் நுழைவுச்சீட்டு வைத்திருந்த நரிக்குறவர் குடும்பம் வாயிலில் தடுத்து நிறுத்தப்பட்ட காட்சியை நாடே கண்டது. சீட்டு கையில் இருந்தும் வாயிற்காப்போனின் பார்வையே இறுதித் தீர்ப்பாக அமையும் அந்த அனுபவத்தை மாற்றுத்திறனாளிகளும் நன்கு அறிவார்கள்.

ஐந்தாவது, மேடைத் தடை. பார்வையாளர் பகுதிக்குச் சாய்தளம் கட்டிய அரங்குகளிலும் மேடைக்குச் செல்லப் படிகள் மட்டுமே இருக்கும். மாற்றுத்திறனாளி பார்ப்பதற்கு வரலாம். ஆட, பாட, பேச வரமாட்டார் என்ற முன்முடிவு அந்தக் கட்டுமானத்திலேயே பதிந்திருக்கிறது. உலகப் புகழ்பெற்ற தாளவாத்தியக் கலைஞர் ஸ்காட்லாந்தின் இவெலின் கிளெனி சிறுவயதிலேயே பெருமளவு கேட்கும் திறனை இழந்தவர். வெறுங்காலுடன் நின்று தரையின் வழியே அதிர்வை உணர்ந்து இசைப்பவர். பறையின் அதிர்வை நெஞ்சுக்கூட்டில் உணர்ந்த எவருக்கும் இது வியப்பளிக்காது.

சட்டம் என்ன சொல்கிறது?

ஐக்கிய நாடுகள் அவையின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 2007 அக்டோபரில் ஏற்புறுதி செய்தது. அதன் 30 ஆம் பிரிவு, பண்பாட்டு வாழ்வில் மற்றவர்களுக்குச் சமமாகப் பங்கேற்பதை உரிமையாக வரையறுக்கிறது. அதனடிப்படையில் இயற்றப்பட்டதே 2016 ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம். 2017 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது.

1995 ஆம் ஆண்டுச் சட்டம், அரசின் பொருளாதாரத் திறனுக்கு உட்பட்டே சாய்தளம் முதலியவற்றை அமைக்கக் கூறியது. அந்தச் சொற்றொடர் இருபதாண்டுகளுக்கு மேலாக எல்லா அலுவலகங்களுக்கும் தப்பிக்கும் வழியாக இருந்தது. புதிய சட்டம் பொதுக் கட்டடங்களைப் பொறுத்தவரை அதை நீக்கிவிட்டது. செயற்பாட்டாளர்கள் மனத்தில் இருத்த வேண்டிய பிரிவுகள் இவை.

பொதுக் கட்டடம் என்பதன் வரையறை தனியார் கட்டடங்களையும் உள்ளடக்குகிறது. மக்கள் பண்பாட்டு, பொழுதுபோக்கு, மதச் செயல்களுக்குப் பயன்படுத்தும் எந்தக் கட்டடமும் அதில் அடங்கும். எனவே தனியார் சபா, வணிகத் திரையரங்கு, திருமண மண்டபம் எதுவும் விலக்குக் கோர முடியாது.

29 ஆம் பிரிவு பண்பாட்டுக்கென்றே அமைந்தது. மாற்றுத்திறனாளிக் கலைஞர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் ஆதரவு, கலையை அணுகத்தக்கதாக்குதல், அவர்கள் பங்கேற்கும் வகையில் கலைப் பாடத்திட்டங்களை மாற்றியமைத்தல், மாற்றுத்திறனாளிகளின் வரலாற்றுக்கென ஓர் அருங்காட்சியகம் ஆகியவற்றை அரசின் கடமையாக்குகிறது.

44 ஆம் பிரிவின்படி, அணுகல் விதிகளைப் பின்பற்றாத கட்டடத்திற்குக் கட்டுமான அனுமதியோ நிறைவுச் சான்றிதழோ வழங்கக் கூடாது. 45 ஆம் பிரிவின்படி, ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்கள் அனைத்தும் விதிகள் அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து ஐந்தாண்டுகளுக்குள் மாற்றியமைக்கப்பட வேண்டும். விதிகள் 2017 ஜூனில் வந்தன. அக்கெடு 2022 ஜூனில் முடிந்துவிட்டது. 89 ஆம் பிரிவு, சட்டத்தை மீறுவோருக்கு முதல்முறை பத்தாயிரம் ரூபாய் வரையும், தொடர்ந்து மீறினால் ஐம்பதாயிரம் முதல் ஐந்து இலட்சம் ரூபாய் வரையும் தண்டம் விதிக்கிறது.

92 ஆம் பிரிவு நமக்கு மிகவும் பழகிய மொழியில் இருக்கிறது. பொதுமக்கள் பார்வையில் உள்ள இடத்தில் மாற்றுத்திறனாளியை இழிவுபடுத்தும் நோக்கோடு வேண்டுமென்றே அவமதித்தாலோ மிரட்டினாலோ ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் சொற்களோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தால் உறவு விளங்கும். மாற்றுத்திறனாளியாகவும் பட்டியல் சாதியினராகவும் இருப்பவர் அவமதிக்கப்படும்போது, பொருந்துமிடத்தில் இரு சட்டங்களையும் சேர்த்து முறையிட வேண்டும். காவல் நிலையம் பெரும்பாலும் ஒன்றைக்கூட எழுதாது என்பதால், இதைக் கேட்டுப் பெறுவதற்கு அமைப்பின் துணை தேவைப்படுகிறது.

2024 தீர்ப்பு திறந்த வழி

இவ்வளவு உறுதியான சட்டம் ஏன் செயல்படவில்லை? இதற்கு 2024 நவம்பர் 8 அன்று உச்சநீதிமன்றம் வழங்கிய ராஜீவ் ரதூரி வழக்கின் தீர்ப்பு தெளிவான விடை தந்தது. பார்வையற்றவரான மனுதாரர் 2005 இல் தொடுத்த வழக்கு அது. 2017 டிசம்பரில் பல கட்டளைகள் பிறப்பிக்கப்பட்டன. அவை எந்த அளவுக்கு நிறைவேறின என்பதை ஆராயும் பொறுப்பு ஐதராபாத் நல்சார் சட்டப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அறிக்கை காட்டிய நிலைமை கவலைக்குரியதாக இருந்தது.

சட்டத்தின் பிரிவுகள் கட்டாயம் என்கின்றன. ஆனால் அவற்றைச் செயல்படுத்தும் 15 ஆம் விதி, பல துறைகளின் வழிகாட்டுதல்களைப் பட்டியலிடுவதோடு நின்றுவிடுகிறது. வழிகாட்டுதல் என்பது அறிவுரை. அறிவுரையை மீறியவருக்கு எப்படித் தண்டம் விதிப்பது? இம்முரணைச் சுட்டிய நீதிமன்றம், அவ்விதி சட்டத்தின் நோக்கத்திற்கே எதிரானது என அறிவித்தது. எவை கட்டாயம், எவை படிப்படியாக நிறைவேற்றத்தக்கவை என்று பிரித்து, கட்டாயமானவற்றை மூன்று மாதங்களுக்குள் விதியாக வகுக்குமாறு ஒன்றிய அரசுக்கு ஆணையிட்டது. விதி வகுக்கும்போது மாற்றுத்திறனாளிகளைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்றும் வலியுறுத்தியது.

அறிவுரை, ஆணை ஆகிய இரண்டுக்கும் உள்ள வேறுபாடு நமக்குப் புதிதன்று. காந்தியார் சாதி இந்துக்களின் மனமாற்றத்தை நம்பினார். அம்பேத்கர் சட்டப் பாதுகாப்பைக் கோரினார். மனம் மாறும் வரை காத்திருக்குமாறு ஒரு மனிதரிடம் கூற யாருக்கும் தகுதியில்லை என்பதே அவர் நிலைப்பாட்டின் அடித்தளம். சாய்தளமும் அவ்வாறே.

திரைத்துறையில் இதன் பயனைக் காணலாம். திரைப்படங்களில் எழுத்து வரிகளும் ஒலி விவரிப்பும் கோரித் தில்லி உயர்நீதிமன்றத்தில் தொடுக்கப்பட்ட வழக்கின் தொடர்ச்சியாக, ஒன்றியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2024 மார்ச் 15 அன்று அணுகல் நெறிகளை வெளியிட்டது. ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளில் தணிக்கைச் சான்று பெறும் படங்களுக்கு ஆறு மாதமும், ஏனைய படங்களுக்கு இரண்டு ஆண்டும் கெடு அளிக்கப்பட்டது. சாதி ஒழிப்பைப் பேசும் தமிழ்ப் படங்கள் பல இந்தப் பத்தாண்டில் வந்திருக்கின்றன. அவற்றைக் காது கேளாத, பார்வையற்ற தலித் இளைஞர் பார்க்கும் வகையில் வெளியிடுமாறு அந்த இயக்குநர்களிடம் நாம் உரிமையோடு கோரலாம்.

தொடாதீர்

அருங்காட்சியகத்தின் மிகப் பழைய அறிவிப்புப் பலகை "தொடாதீர்" என்பது. பார்வையற்றவருக்கு அதன் பொருள் "அறியாதீர்" என்பதே. தில்லி தேசிய அருங்காட்சியகம் 2015 டிசம்பரில் அனுபவ் என்ற பெயரில் தொட்டுணரும் காட்சிக்கூடம் ஒன்றைத் திறந்தது. தொகுப்பிலிருந்து தேர்ந்த 22 பொருள்களின் நகல்கள், பிரெய்ல் குறிப்புகள், ஒலி விளக்கம் ஆகியவற்றோடு அது அமைந்தது. மூலப் பொருளுக்குச் சேதமில்லை. நகலைத் தொட்டு வடிவத்தை அறியலாம்.

இதைப் பின்பற்றுவது கடினமன்று. 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகம் சாதி, மத அடையாளங்களுக்கு முற்பட்ட தமிழர் நகர வாழ்வைக் காண ஏராளமானோர் செல்லும் இடம். கீறல்கள் பொறித்த பானை ஓட்டின் நகலைப் பார்வையற்ற மாணவரின் விரல்கள் தடவிப் படிக்க இயலுமெனில், தமிழி எழுத்தின் தொன்மை அவருக்கும் சொந்தமாகும். முப்பரிமாண அச்சுப்பொறி இன்று பொறியியல் கல்லூரிகள் பலவற்றில் இருக்கிறது. நகல் செய்வதைக் கல்லூரித் திட்டப்பணியாகவே மேற்கொள்ளலாம்.

தொன்மையான கட்டடங்களை மாற்றியமைக்க முடியாது என்ற வாதமும் அடிக்கடி எழுகிறது. ஏதென்சு நகரின் அக்ரோபோலிசு குன்று ஏறத்தாழ இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுப் பழமை கொண்ட கோயில்களைத் தாங்கி நிற்பது. அங்கும் 2020 டிசம்பரில் சக்கர நாற்காலியில் வருவோருக்கான புதிய மின்தூக்கி இயங்கத் தொடங்கியது. கல்லைச் சேதப்படுத்தாமல், தேவையெனில் கழற்றி எடுக்கத்தக்க மரச் சாய்தளமும் நடைபாதையும் அமைப்பது உலகெங்கும் உள்ள நடைமுறை. இந்தியாவின் நினைவுச்சின்னங்கள், அருங்காட்சியகங்கள், நூலகங்கள் ஆகியவற்றுக்கென ஒன்றியப் பண்பாட்டு அமைச்சகமும் தனி நெறிகளை வெளியிட்டிருக்கிறது.

கட்டினால் மட்டும் போதாது என்பதற்கு மெரினா பாடம். கடலருகே சென்று அலையைக் காண 2022 நவம்பரில் மரத்தாலான நிரந்தரப் பாதை திறக்கப்பட்டது. சக்கர நாற்காலியிலிருந்தபடி வாழ்வில் முதன்முறையாகக் கடலைத் தொட்டவர்களின் மகிழ்ச்சியைக் கண்டோம். சில நாள்களிலேயே மாண்டஸ் புயலில் அது சேதமடைந்து, பின்னர் சீரமைக்கப்பட்டது. பராமரிப்புக்கு நிதியும் பொறுப்பாளரும் இல்லாத வசதி, ஒருமுறை உடைந்தால் உடைந்ததுதான்.

"அவர்கள் வருவதில்லையே"

அரங்கு நடத்துவோர் இரண்டு மறுப்புகளை முன்வைப்பர். ஒன்று செலவு. புதுக் கட்டடத்தின் வரைபடத்திலேயே சாய்தளமும் அகன்ற கதவும் இருந்தால் கூடுதல் செலவு சிறிது. கட்டிய பின் இடித்து மாற்றும்போதுதான் அது பெருகுகிறது. சட்டத்தை மீறி மிச்சப்படுத்திய பணத்தைச் செலவு என்று கணக்குக் காட்டுவது நேர்மையாகாது. மேலும் முதியோர், கருவுற்றோர், குழந்தையை வண்டியில் தள்ளி வருவோர், கால் முறிந்தோர் என அனைவரும் அதே சாய்தளத்தில்தான் ஏறுவர்.

மற்றொன்று, மாற்றுத்திறனாளிகள் வருவதே இல்லை, எதற்காகச் செய்ய வேண்டும் என்பது. சேரிப் பிள்ளைகளுக்குப் படிப்பில் ஆர்வமில்லை என்று பள்ளிக்கதவை மூடிக்கொண்டு சொன்னவர்களின் தருக்கம் இது. வர முடியாதபடி கட்டிவிட்டு வரவில்லை என்று கூறுவது, விளைவையே காரணமாகக் காட்டும் பழைய தந்திரம்.

நம் கூட்டங்களிலிருந்து தொடங்குவோம்

பிறரைக் கேட்கும் முன் நம்மை நாம் கேட்டாக வேண்டும். அடுத்த கருத்தரங்கு, கலை இரவு, நூல் வெளியீட்டுக்கு முன் அமைப்பாளர்கள் விடைகாண வேண்டிய கேள்விகள் சில:

• மண்டபம் தரைத்தளத்தில் உள்ளதா? இல்லையெனில் இயங்கும் மின்தூக்கி உள்ளதா?
• நுழைவாயில், கழிவறை, உணவுக்கூடம், மேடை ஆகிய நான்குக்கும் சக்கர நாற்காலியில் செல்ல முடியுமா? மாற்றுத்திறனாளித் தோழர் ஒருவரே நேரில் சென்று பார்த்தாரா?
• அழைப்பிதழ் படமாக மட்டும் பகிரப்படுகிறதா, எழுத்துரையும் இணைக்கப்பட்டுள்ளதா? படத்தைத் திரைவாசிப்பான் படிக்காது.
• சைகைமொழி பெயர்ப்பாளருக்கு வரவுசெலவில் இடம் உண்டா? ஒலிபெருக்கிக்கும் பதாகைக்கும் செலவிடும் நாம் இதை இலவசச் சேவையாக எதிர்பார்க்கலாகாது.
• தேவைகளை முன்கூட்டியே தெரிவிக்க அழைப்பிதழில் ஒரு தொலைபேசி எண் உள்ளதா?
• பேச்சாளர் பட்டியலில் மாற்றுத்திறனாளிகள் உள்ளனரா? டிசம்பர் 3 ஆம் நாளைத் தவிர வேறு தலைப்புகளிலும் பேச அவர்கள் அழைக்கப்படுகின்றனரா?
• மேடையில் உடற்குறைபாட்டை வசைச்சொல்லாகப் பயன்படுத்துகிறோமா? "குருட்டு நம்பிக்கை", "நொண்டிச்சாக்கு" போன்றவற்றை நாமே கைவிடத் தொடங்க வேண்டும்.

கல்லூரி மாணவர்களுக்கு வேறொரு பணி காத்திருக்கிறது. உங்கள் ஊரின் அரசு அருங்காட்சியகம், மாவட்ட நூலகம், நகராட்சிக் கலையரங்கு, அம்பேத்கர் மணிமண்டபம் ஆகியவற்றுக்கு மாற்றுத்திறனாளி நண்பர்களோடு சென்று அணுகல் தணிக்கை செய்யலாம். அளவு நாடா ஒன்றும் குறிப்பேடு ஒன்றும் போதும். சரிவின் நீளத்தையும் உயரத்தையும் அளந்து 1:12 உள்ளதா எனப் பாருங்கள். கதவின் அகலம் 90 செ.மீ. உள்ளதா, கழிவறை பூட்டிக் கிடக்கிறதா, அதற்குள் துடைப்பமும் உடைந்த நாற்காலிகளும் அடுக்கப்பட்டுள்ளனவா எனப் பதிவு செய்யுங்கள்.

அதன்பின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மூன்று கேள்விகள் கேட்கலாம். இக்கட்டடத்திற்கு அணுகல் தணிக்கை எப்போது நடந்தது? நிறைவுச் சான்றிதழ் வழங்கும்போது 44 ஆம் பிரிவு பின்பற்றப்பட்டதா? 23 ஆம் பிரிவின்படி நியமிக்கப்பட வேண்டிய குறைதீர்ப்பு அலுவலர் யார்? விடை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் முறையிடுவதற்கு அது அடிப்படை ஆவணமாகும். தணிக்கையை மாற்றுத்திறனாளிகள் தலைமையேற்று நடத்த வேண்டும். மற்றவர்கள் துணை நிற்க வேண்டும். நம் விடுதலையை நமக்காகப் பிறர் பேசியபோது என்ன நேர்ந்தது என்பதை நாம் மறக்கவில்லை.

அரசமைப்புச் சட்டத்தின் 15(2) ஆம் பிரிவு, கடை, உணவகம், பொதுப் பொழுதுபோக்கு இடம், கிணறு, குளம் ஆகியவற்றில் மதம், இனம், சாதி, பாலினம், பிறப்பிடம் ஆகியவற்றின் பெயரால் எவரையும் தடுக்கக் கூடாது என்கிறது. பொதுப் பொழுதுபோக்கு இடம் என்ற சொல் கிணற்றுக்கும் குளத்துக்கும் அருகில் அந்தப் பிரிவில் இடம்பெற்றிருப்பதை நாம் கவனிக்க வேண்டும். நீரைப் போலவே கலையும் மனிதராக வாழ்வதற்குத் தேவையானது என்ற புரிதல் அதில் உள்ளது. அந்தப் பட்டியலில் உடற்குறைபாடு என்ற சொல் இல்லை. அதைச் சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கையை மாற்றுத்திறனாளிகள் இயக்கத்தோடு இணைந்து எழுப்புவது நம் கடமை. அதுவரை செய்யக்கூடியது ஒன்று உண்டு: அடுத்த டிசம்பர் 6 கூட்டத்திற்கு மண்டபம் பதிவு செய்யப் போகும் தோழர், வாடகையைக் கேட்பதற்கு முன் வாசலில் எத்தனை படிகள் என்று கேட்கட்டும்.